செல்ஃப் எடுக்குது, வண்டி எடுக்கல

‘செல்ஃப் நல்லா எடுக்குது, வண்டிதான் ஸ்டார்ட் ஆகல’ என்று ஃபோனில் சொல்பவர் தமக்குத் தெரியாமலே மெக்கானிக்கின் வேலையில் பாதியை முடித்துக் கொடுத்துவிடுகிறார். செல்ஃப் மோட்டார் இன்ஜினை விசையோடு சுற்றுகிறது என்றால் பேட்டரியில் தேவையான கரண்ட் இருக்கிறது, தடித்த கேபிள்கள் இறுக்கமாக இருக்கின்றன, சாவியின் ஸ்டார்ட் முனை வேலை செய்கிறது, சோலினாய்டு இழுக்கிறது, இன்ஜின் உள்ளே ஜாம் ஆகவில்லை. ஒரே வாக்கியத்தில் இத்தனை சந்தேகங்கள் கழிந்துபோகின்றன. இருந்தும் இந்தப் புகாரோடு சாலையோரம் நிற்கும் வண்டிக்கு முதலில் என்ன நடக்கிறது? நாலு பேர் சேர்ந்து தள்ளுகிறார்கள். தள்ளுவதன் ஒரே பயன் செல்ஃப் செய்ய முடியாத வேலையைக் கால்பலத்தால் செய்வது. செல்ஃப் அந்த வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும்போது தள்ளி என்ன பயன்? எரியாத பெட்ரோல் சைலன்ஸரில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய்ச் சேருவதுதான் மிச்சம். பிறகு பேட்டரியை மாற்றிப் பார்க்கிறார்கள், அடுத்து பிளக், அடுத்து பம்ப், கடைசியில் யார் வாயிலாவது வந்த ஒரு சென்சார். இந்த வரிசை தவறு என்பதல்ல என் வாதம். இது வரிசையே இல்லை என்பதுதான். ஒரு பாகத்தைக் கழற்றுவதற்கு முன்னால் அது கெட்டிருக்கிறது என்பதை அது இருக்கும் இடத்திலேயே வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவரை அதன் மேல் ஸ்பேனர் வைக்கக் கூடாது.

இந்தக் கட்டுப்பாடு பெருநகரப் பட்டறைகளைவிட நமக்கு அதிகம் தேவை. 2007இல் அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தாலும் பட்டறைத் தொழிலில் பெரம்பலூரும் அரியலூரும் இன்றும் ஒரே வட்டாரம்தான். இடையில் முப்பது கிலோமீட்டர் சொச்சம். இரண்டு ஊருக்கும் ஸ்பேர்ஸ் திருச்சியிலிருந்து வர வேண்டும். ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், பிளக் எல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும். கிராங்க் சென்சார், டேங்குக்குள் இருக்கும் பம்ப், ரெயில் பிரஷர் வால்வு என்று கேட்டால் கடைக்காரர் திருச்சிக்கு ஃபோன் போடுவார். காலையில் சொன்னால் மதியம் பஸ்ஸில் பார்சல் வரும். வண்டியின் வருடத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால் மறுநாள்தான். கப்ளர் மாட்டிப் பார்த்த எலக்ட்ரிக்கல் சாமானைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்பது தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஆக, ஒவ்வொரு ஊகத்துக்கும் நாம் ஒரு நாளையும் ஒரு பாகத்தின் விலையையும் கொடுக்கிறோம். மூன்று ஊகம் தப்பினால் வாடிக்கையாளர் மூன்று நாள் வண்டி இல்லாமல் இருக்கிறார், வேண்டாத மூன்று புதுச் சாமான்கள் அவர் வண்டியில் ஏறியிருக்கின்றன, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மாற்றிப் பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு, அதைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. அம்பாசடரும் பழைய மாருதி 800ம் கார்ப்பரேட்டரோடு ஓடிய காலத்தில் மாற்றிப் பார்ப்பது நியாயமான முறைதான். கெடக்கூடிய சாமான்கள் கை விரலில் எண்ணக்கூடியவை: பாயிண்ட், கண்டென்சர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், பிளக், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பெட்ரோல் பம்ப். விலையும் குறைவு, எல்லாமே பட்டறையின் பழைய டப்பாவில் ஒன்று இரண்டு கிடக்கும். கண்டென்சரை மாற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும், அதுவே சோதனை. 2000க்குப் பிறகு கார்ப்பரேட்டருக்குப் பதில் எம்பிஎஃப்ஐ இன்ஜெக்ஷன் பரவலானதும் இந்தக் கணக்கு மாறிவிட்டது. இப்போது பெட்ரோலை விடுவதா வேண்டாமா, பொறி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஈசிஎம் என்ற பெட்டி. நாடு முழுக்க 2017 ஏப்ரலில் பிஎஸ் 4, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்று புகை விதிகள் இறுக இறுக அந்தப் பெட்டி கேட்கும் கேள்விகளும் கூடின. இன்ஜின் சுற்றுகிறதா, பிஸ்டன் எந்த நிலையில் இருக்கிறது, சாவி அசல்தானா, இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் கொடுக்கும் ரெயிலில் பிரஷர் ஏறியதா என்ற கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்குப் பதில் வராவிட்டால் போதும். நல்ல பம்பும் நல்ல பிளக்கும் நல்ல இன்ஜெக்டரும் சும்மா இருக்கும். சாமான் கெடாமலே வண்டி நிற்கும் இந்தச் சூழ்நிலையில் மாற்றிப் பார்க்கும் முறை எதைக் கண்டுபிடிக்கும்?

அதனால் முதல் நிமிடத்தை நான் சாவிக்குக் கொடுப்பேன், ஸ்பேனருக்கு அல்ல. ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்தால் செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பெரும்பாலும் ஈசிஎம்முக்கே கரண்ட் போகவில்லை. மெயின் ரிலேயிலும் அதன் ஃபியூஸிலும் வேலையை ஆரம்பிக்கலாம், மற்ற எதையும் தொட வேண்டியதில்லை. அதே நொடியில் பின் சீட்டுப் பக்கமிருந்து பெட்ரோல் பம்ப் ஏறக்குறைய இரண்டு நொடி ‘உய்ங்’ என்று இரைந்து அடங்க வேண்டும். டாஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட விளக்கு விடாமல் மின்னினால் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை என்று பொருள். இது நம் ஊர்களில் வெறும் ஏட்டுச் சந்தேகம் அல்ல. அசல் சாவி தொலைந்தபின் சாவிக் கடையில் வெட்டி வாங்கிய சாவி கதவைத் திறக்கும், ஸ்டீரிங் பூட்டை விடுவிக்கும், செல்ஃபையும் சுற்றும். உள்ளே சிப் இல்லாததால் பல கார்களில் பெட்ரோல் மட்டும் வராது. வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியைக் கொண்டுவரச் சொல்வது காசில்லாத சோதனை. பிறகு செல்ஃபைச் சுற்றும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனிக்க வேண்டும். பல கார்களில் சுற்றும்போது அது லேசாகத் துள்ளும். கல்லாக நின்றுவிட்டால் கிராங்க் சென்சாரிலிருந்து சேதி போகவில்லை என்ற சந்தேகம் எழுகிறது. கவனிக்கவும்: சேதி போகவில்லை என்றுதான் சொன்னேன், சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலான வீண்செலவு நடக்கிறது.

கண்ணுக்கு அடுத்தபடி காது. நல்ல இன்ஜினை செல்ஃப் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும் இடத்தில் ஒரு தயக்கம் கேட்கும். சத்தத்தில் சீரான ஏற்ற இறக்கம் இருக்கும். டைமிங் பெல்ட் அறுந்த வண்டியில் அந்தத் தயக்கம் இருக்காது, எடை இல்லாத ஒன்றைச் சுற்றுவதுபோல் விர்ரென்று ஒரே சீராக ஓடும். பழைய ஆல்ட்டோ, சான்ட்ரோ, இண்டிகா டீசல் போன்ற பெல்ட் வண்டிகளில் இந்தச் சத்தம் கேட்ட பிறகும் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகுவது ஆபத்து. வால்வும் பிஸ்டனும் மோதும் அமைப்பு என்றால் செலவு ஒவ்வொரு திருகலுக்கும் ஏறலாம். ஆயில் மூடியைக் கழற்றி, ஒருவர் செல்ஃபைத் தட்டும்போது கேம் சுற்றுகிறதா என்று மற்றவர் எட்டிப்பார்த்தால் விடை கிடைத்துவிடும். இதற்கு நேர்மாறானது சோம்பலாகச் சுற்றும் செல்ஃப். சுற்றுகிறது என்பது உண்மை, போதிய வேகத்தில் சுற்றுகிறதா என்பது வேறு கேள்வி. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் செல்ஃப் எப்படியோ உருண்டுகொண்டிருக்கும், ஈசிஎம் மட்டும் மயங்கிவிடும். பேட்டரி நெகட்டிவ் முனையில் ஒரு ஒயரும் இன்ஜின் பிளாக்கில் மற்றதுமாக மீட்டரை வைத்துச் சுற்றினால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் குற்றவாளி எர்த் பட்டை. புது பேட்டரி போட்டதும் சரியாகி, மூன்று மாதத்தில் அதே புகாரோடு திரும்பி வரும் வண்டிகளில் பல இந்த எர்த் பட்டையைச் சுமந்துகொண்டு வருபவைதான்.

டீசலுக்கு வந்தால் வாதம் இன்னும் கூர்மையாகிறது, ஏனென்றால் இங்கே ஊகத்தின் விலை ஆயிரங்களில் இருக்கிறது. 2007இல் ஸ்விஃப்ட் டீசல் வந்ததிலிருந்து 1.3 லிட்டர் ஃபியட் இன்ஜின் பல கம்பெனி வண்டிகளில் ஏறி நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டுகளை நிறைத்தது. மாருதி அதை 2020இல் நிறுத்திவிட்டாலும் ஓடிக்கொண்டிருப்பவை இன்னும் ஏராளம். இதுபோன்ற காமன் ரெயில் வண்டிகளில் செல்ஃப் சுற்றும்போதே ரெயிலில் ஏறக்குறைய 200 பார் பிரஷர் ஏறினால்தான் ஈசிஎம் இன்ஜெக்டரைத் திறக்கும். ஏறாவிட்டால் எவ்வளவு சுற்றினாலும் புகைகூட வராது. பிரஷர் ஏறாததற்கு டேங்கில் தொடங்கி இன்ஜெக்டர் வரை காரணங்கள் இருக்கின்றன: டீசல் ஃபில்டர் அடைப்பு, ஃபில்டரில் தேங்கிய தண்ணீர், உறிஞ்சும் ஹோஸில் காற்று, ஹை பிரஷர் பம்ப் தேய்மானம், பம்பிலோ ரெயிலிலோ இருக்கும் கட்டுப்பாட்டு வால்வு, ரிட்டர்னில் கசியும் இன்ஜெக்டர். ஃபில்டரின் விலைக்கும் பம்பின் விலைக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஆனால் சோதனைகள் எல்லாமே மலிவானவை. ஃபில்டரின் அடித்திருகை விட்டு ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஐந்து நிமிடம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகப் படிந்து நிற்கும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு முழம் ஒளி ஊடுருவும் ஹோஸை மாட்டிச் சுற்றினால் காற்று குமிழாக ஓடுவது கண்ணுக்கே தெரியும். கிளாம்ப் தளர்ந்த ஒரு ஹோஸுக்காக பம்ப் கடைக்குப் போக வேண்டியதில்லை. இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் ஹோஸ்களைக் கழற்றி ஆளுக்கொரு சின்ன பாட்டிலில் விட்டுச் சுற்றினால், நாலில் எது மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ அது பிரஷரைத் தின்கிறது. ஒரே ஒரு இன்ஜெக்டர் கசிய, நாலையும் கழற்றி அனுப்பி, போகிற போக்கில் பம்பையும் ஓவர்ஹால் செய்யச் சொல்லும் வழக்கம் இந்தப் பாட்டில்களுக்கு முன்னால் நிற்காது.

இங்கே ஒரு மறுப்பு வரும்: ஸ்கேனர் இருக்கும்போது இந்தப் பாட்டிலும் மீட்டரும் எதற்கு? ஸ்டீரிங்குக்குக் கீழே பதினாறு பின் சாக்கெட்டில் செருகினால் அது கோளாறின் கோடு எண்ணைச் சொல்லிவிடுமே. ஸ்கேனரை நான் மதிக்கிறேன், ஆனால் அதற்கு என்ன தெரியும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அது ஈசிஎம்மின் வாய். ஈசிஎம்முக்குத் தெரிவதெல்லாம் தன் பின்களில் வந்த வோல்ட்டேஜ் மட்டும். இன்ஜினை அது பார்த்ததில்லை. பி0087 என்று வந்தால் ரெயில் பிரஷர் போதவில்லை என்று பொருள், அவ்வளவுதான்; மேலே சொன்ன ஆறு சந்தேகங்களில் ஒன்றையும் அது கழிக்கவில்லை. பி0335 வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் சேதி இல்லை. சென்சார் செத்திருக்கலாம், அதன் கப்ளரில் பச்சை பூத்திருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், சென்சார் தலையில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கலாம். இதைவிட ஏமாற்றுவது ஒன்று உண்டு. பல சென்சார்களுக்கு ஈசிஎம் ஒரே 5 வோல்ட் வரிசையிலிருந்து கரண்ட் கொடுக்கிறது. அந்த வரிசையில் இருக்கும் ஏசி பிரஷர் சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் வரிசை முழுவதும் படுத்துவிடும். ஸ்கேனர் நாலைந்து சென்சார்களின் பெயரை வாசிக்கும், அல்லது பேசவே மறுக்கும். அந்தப் பெயர்களையெல்லாம் வாங்கி மாட்டினாலும் வண்டி எடுக்காது. சென்சார் கப்ளரில் மீட்டரை வைத்து, 5 வோல்ட் இல்லை என்று கண்டு, வரிசையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால், எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் ஆள். கோடு என்பது பஞ்சாயத்தில் வந்து நிற்கும் சாட்சி. குறுக்கு விசாரணை செய்யாமல் அதன் பேச்சில் தீர்ப்பு எழுதக் கூடாது. ஸ்கேனரின் உண்மையான மதிப்பு கோடில் இல்லை, லைவ் டேட்டாவில் இருக்கிறது என்பது என் கருத்து. செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் 200, 250 என்று காட்டுகிறதா, ரெயில் பிரஷர் எவ்வளவு ஏறுகிறது, இம்மொபிலைசர் நிலை என்ன என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் பார்க்க முடிந்தால் அதுவே பாதி வழக்கு.

ஸ்கேனருக்கு எட்டாத காரணங்கள் நம் வட்டாரத்தில் அதிகம். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூர்ப் பக்கத்தில், கதிர் அறுத்து வீட்டு வாசலிலும் சாலையோரத்திலும் காயும் மாதங்களில் எலி பானட்டுக்குள் குடியேறுகிறது. இன்ஜின் சூட்டில் தூங்கிவிட்டு, பொழுதுபோகாமல் இன்ஜெக்டர் ஒயரைக் கொறிக்கும், சமயத்தில் பெட்ரோல் ஹோஸையே கடிக்கும். கொறித்த ஒயரில் ஒரு விசேஷம் இருக்கிறது. பத்துப் பதினைந்து இழைகளில் ஒரே ஒரு செம்பு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மல்டி மீட்டர் முழு 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட் இழுப்பதில்லை. அதே இடத்தில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இரண்டு ஒயரில் கோத்து வைத்தால் அது ஏறக்குறைய 2 ஆம்பியர் கேட்கும். பச்சை பூத்து இற்றுப்போன ஒற்றை இழையால் அதைக் கொடுக்க முடியாது, பல்பு மங்கி அழும். பம்ப் ஒயரையும் ரிலே ஒயரையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். ஈசிஎம்மின் சிக்னல் ஒயரில் மட்டும் இந்தப் பல்பை வைத்துவிடக் கூடாது, அந்தப் பெட்டி அவ்வளவு கரண்டைத் தாங்காது, அங்கே மீட்டர்தான்.

அரியலூர்ப் பக்கம் கதை வேறு. டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு, அரசின் டான்செம் என்று ஆலைகளும், அவற்றுக்குக் கல் ஏற்றும் லாரிகளும், சுண்ணாம்புக்கல் குவாரிகளும் சேர்ந்து கிளப்பும் தூசிக்கு ஊரில் எல்லாப் பழியும் விழும். வண்டி எடுக்காததற்கும் அதுதான் காரணம் என்று ஏர் ஃபில்டரைத் தட்டுவார்கள். ஏர் ஃபில்டர் அடைத்தால் வண்டி இழுக்காது, புகை தள்ளும். ஸ்டார்ட்டே ஆகாத அளவுக்கு அடைப்பது அபூர்வம். தூசியைவிட அதைக் கழுவும் விதம்தான் அதிகம் கெடுக்கிறது. படிந்ததைப் போக்க பானட்டைத் திறந்து பிரஷர் வாட்டரில் அடிக்கிறார்கள். தண்ணீர் பிளக் குழிகளில் தேங்குகிறது, கப்ளர்களுக்குள் நுழைகிறது, சிமெண்ட் தூசியோடு சேர்ந்து பின்களில் பூச்சாக இறுகிவிடுகிறது. வாட்டர் வாஷ் முடித்து எடுக்காத வண்டிக்கு சென்சார் ஆர்டர் போடுவதைப் போன்ற அவசரம் வேறில்லை. கப்ளர்களைக் கழற்றிக் காற்றடித்து, பிளக் குழியை உலர்த்திவிட்டு அப்புறம் பேசலாம்.

லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் கார்கள் மாதக்கணக்கில் உறை போட்டு நிற்கும். விடுமுறைக்கு வந்து சாவியைத் திருகும்போது செல்ஃப் சுற்றும் (பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்தாவது), இன்ஜின் எடுக்காது. இங்கே பெட்ரோலையே சந்தேகிக்க வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்பின் வாய் இருப்பதும் அந்த அடியில்தான். பம்ப் இரையும், கேஜை மாட்டினால் 3 பார் அளவில் பிரஷரும் காட்டும், பொறியும் இருக்கும். போவது மட்டும் எரியாத திரவம். பிரஷரைப் பார்த்துவிட்டு ‘பெட்ரோல் வருது’ என்று முடிவு கட்டுபவர் இந்த இடத்தில் வழுக்கி விழுவார். ரெயிலுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி அரை பாட்டில் பிடித்து, அசையாமல் வைத்து, நடுவில் கோடு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். எடுக்காத வண்டியைத் தொடர்ந்து சுற்றிச் சுற்றிப் பிளக்கை நனைத்துவிட்ட கேஸும் இதோடு கலந்துவரும். எம்பிஎஃப்ஐ வண்டிகளில் பலவற்றில் ஆக்ஸிலேட்டரைத் தரைவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் ஈசிஎம் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். நனைந்த பிளக் காய்ந்து சில சமயம் அப்படியே எடுத்துவிடும். தெரிந்த வித்தைதான், ஆனாலும் அதற்கு முன்னால் பிளக்கைப் புதிதாக வாங்கிவிடுகிறார்கள்.

இத்தனை சோதனைக்கும் எதிராக வரும் வலுவான மறுப்பு ஸ்கேனரிடமிருந்து வருவதில்லை, அனுபவத்திடமிருந்து வருகிறது. ‘இந்த மாடலா? சூடானதும் ஆஃப் ஆகி, ஆறினதும் எடுக்குதா? கிராங்க் சென்சார்தான், கண்ணை மூடிட்டு மாத்து’ என்று பழைய கை ஒருவர் சொல்வார். பத்தில் ஏழு தடவை சரியாகவும் இருக்கும். சூட்டில் உள்ளே இருக்கும் காயில் கம்பி விரிந்து தொடர்பு விட்டு, ஆறினதும் சேர்ந்துகொள்வது கிராங்க் சென்சாரின் இயல்பான நோய். அந்த அறிவு பல வருடச் சம்பாத்தியம், அதைத் தூக்கி எறியச் சொன்னால் அது முட்டாள்தனம். என் பதில் இதுதான்: அந்த அனுபவம் எந்தச் சோதனையை முதலில் செய்வது என்பதைத் தீர்மானிக்கட்டும், சோதனையே வேண்டாம் என்று தீர்மானிக்க வேண்டாம். சூடாக நின்ற வண்டியில் சென்சார்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து உடனே ஸ்டார்ட் அடித்துப் பார்க்கலாம். எடுத்துவிட்டால் அனுபவம் சொன்னது நிரூபணமாகிவிட்டது, திருச்சிக்கு ஃபோன் போடலாம். எடுக்காவிட்டால் மீதி மூன்று தடவையில் இது ஒன்று. ஐந்து நிமிடச் செலவில் ஒரு நாளும் ஒரு சென்சாரும் மிச்சம். பழைய கையின் கௌரவத்துக்கும் இதில் குறை ஒன்றுமில்லை.

மாற்றிப் பார்ப்பதே ஒரு சோதனைதானே என்று கேட்டால், ஒரு இடத்தில் மட்டும் ஒப்புக்கொள்வேன். ரிலே பெட்டியில் பம்ப் ரிலேயும் ஹாரன் ரிலேயும் ஒரே எண் கொண்டவையாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றி, ஹாரனை அமுக்கிப் பார்க்கலாம். சத்தம் வந்தால் ரிலே நல்லது, வராவிட்டால் கெட்டது. எதுவும் வாங்கவில்லை, எதுவும் உடையவில்லை, விடையும் ஐயமில்லாதது. இந்த மூன்று நிபந்தனையும் பொருந்தும் மாற்றம் சோதனை. டேங்கை இறக்கி பம்பை மாற்றுவது அப்படியல்ல. மாற்றும்போது கப்ளரை அசைக்கிறோம், எர்த்தை இறுக்குகிறோம். வண்டி எடுத்துவிட்டால் புகழ் புது பம்புக்குப் போகிறது, கழற்றிப் போட்ட நல்ல பம்ப் குப்பைக்குப் போகிறது. உண்மையில் தளர்ந்திருந்த பின் இரண்டு மாதத்தில் மறுபடி தளரும். அந்தத் தடவை பம்ப் புதுசு என்பதால் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார்கள், தேடல் வேறெங்கோ போய்விடும். தப்பான பாகத்தை மாற்றிச் சரியான வண்டி கிடைப்பதைவிட மாற்றியும் எடுக்காமல் போவதே மேல். பின்னதில் தேடல் தொடரவாவது செய்யும்.

பொறி வருகிறதா என்ற சோதனையிலும் இதே கவனம் வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுவதால் சொல்கிறேன். பிளக்கைக் கழற்றி பிளாக்கில் வைத்து நீலப் பொறியைப் பார்த்ததும் கரண்ட் பக்கம் முடிந்தது என்கிறார்கள். திறந்த வெளியில் பாய்வது சுலபம். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றில் அதே இடைவெளியைத் தாண்ட பல மடங்கு வோல்ட்டேஜ் வேண்டும். இடைவெளி அகலமான ஸ்பார்க் டெஸ்டரில் தாவினால்தான் அது சாட்சியம். பெட்ரோல் வண்டியில் இன்டேக்கில் துளி கார்ப்பரேட்டர் கிளீனரை அடித்துச் சுற்றுவது எளிய வழி: இரண்டு உறுமல் உறுமி நின்றால் பொறியும் கம்ப்ரஷனும் டைமிங்கும் பெருமளவு சரி, குறை பெட்ரோல் பக்கம். டீசல் வண்டியில், குறிப்பாக குளோ பிளக் இருப்பதில், இந்த வித்தையைச் செய்யவே கூடாது, இன்டேக் வெடித்துப்போகும்.

கடைசி மறுப்பு காசு பற்றியது, அதுதான் நம் ஊரில் மற்ற எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்கும் மறுப்பு. ‘எதையும் மாத்தல, ஒரு ஒயரை ஒட்டினீங்க, அதுக்கு எண்ணூறு ரூபாயாண்ணே?’ வாடிக்கையாளர் பாகத்துக்குக் காசு கொடுப்பார், கண்டுபிடித்ததற்குக் கொடுக்க மாட்டார் என்பது பட்டறைக்காரர்களின் பொதுவான புலம்பல். இரண்டு மணி நேரம் தேடி ஒரு கப்ளரைத் துடைப்பவரைவிட, அரை மணியில் சென்சார் மாட்டி அதன் கமிஷனையும் எடுப்பவருக்கு வருமானம் அதிகம். அப்படி இருக்கும்போது சோதனை செய் என்று சொல்வது வீண் உபதேசம் என்கிறார்கள். கணக்கு உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கை உண்டாக்கியது வாடிக்கையாளர் அல்ல, நாம்தான். பில்லில் சென்சார், ஃபில்டர், லேபர் என்று மூன்று வரி எழுதி, கண்டுபிடித்த வேலையை லேபருக்குள் ஒளித்துவைத்தால் அவர் அதற்கு ஏன் தனியாகக் கொடுப்பார்? வண்டியைத் தொடும் முன்னாலேயே ‘என்ன கோளாறுன்னு பார்க்க இவ்வளவு, சரி செய்ய எவ்வளவுன்னு பார்த்த பிறகு சொல்றேன்’ என்று தொகையோடு சொல்லிவிட வேண்டும். ஒத்துக்கொள்ளாதவர் வேறு பட்டறை பார்க்கட்டும். ஒத்துக்கொண்டவரை பானட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பல்பு மங்குவதையும் பாட்டிலில் தண்ணீர் படிவதையும் அவர் கண்ணால் பார்க்கவைத்தால் அடுத்த தடவை பேரம் குறைந்துவிடும். எலி கொறித்த ஒயரைப் பார்த்தவர் யாரும் ஒட்டிய கூலிக்கு முகம் சுளிப்பதில்லை. வழியில் பெரம்பலூர் பைபாஸில் நின்று, நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு ஃபோன் போட்டு, கிரேனில் ஏறி வந்த வெளியூர்க்காரருக்கு இது இன்னும் சுலபமாகப் புரிகிறது, ஏனென்றால் அவருக்கு அன்றைக்கே ஊர் போய்ச் சேர வேண்டும், நாளைக்குப் பஸ்ஸில் வரும் பார்சல் அவருக்கு ஆகாது. தேடிப் பார்த்ததில் முள் கால் டேங்க் காட்டிக்கொண்டிருக்க உள்ளே பெட்ரோல் ஒரு சொட்டுக்கூட இல்லை, ஃப்ளோட் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியவந்தாலும் சொன்ன தொகையை வாங்கத்தான் வேண்டும். ஐந்து லிட்டர் பெட்ரோலுக்குப் பதில் புது பம்பைப் போட்டு அனுப்பியிருக்க முடியும் என்பது அவருக்கும் தெரியும்.